திரெட்டியாக்கை அந்த ஒரு இரவோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐஸ் ஹாக்கி என்றாலே 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்கா சோவியத் அணியை 4-3 என வென்ற கதையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். சோவியத் கோல்கீப்பர் விளாடிஸ்லாவ் திரெட்டியாக் அதில் தோற்றவராக மட்டும் வந்துபோகிறார். இது நியாயமில்லை.

அந்த ஆட்டத்தின் முதல் பகுதி முடிய ஒரே வினாடி. தூரத்திலிருந்து வந்த அடியை அவர் தடுத்தார். தெறித்த பக்கை (ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அமெரிக்க வீரர் மார்க் ஜான்சன் பாய்ந்து உள்ளே தள்ள, ஆட்டம் 2-2. சோவியத் பயிற்சியாளர் டிகோனவ் உடனே திரெட்டியாக்கை வெளியே உட்காரவைத்தார். அதற்கப்புறம் அமெரிக்கா அடித்த இரண்டு கோல்களும் மாற்று கோல்கீப்பர் மிஷ்கின் காவலில் விழுந்தவை.

1972, 1976, 1984 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர் திரெட்டியாக். 1983-இல் வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-இன் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணி அவரைத் தேர்வு செய்தும், சோவியத் அரசு அனுப்பவில்லை. அடுத்த ஆண்டே, 32 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த வயதில் எத்தனையோ கோல்கீப்பர்கள் நன்றாகவே ஆடுகிறார்கள்! என்.எச்.எல்-இல் ஒரு ஆட்டம்கூட ஆடாத அவரை 1989-இல் டொராண்டோவின் ஹாக்கி புகழரங்கம் சேர்த்துக்கொண்டது.

விளையாட்டுப் பக்கத்தில் அவருடைய முழு வாழ்க்கையையும் ஒருமுறை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்