மேசா ஆய்வகத்தின் கதவு திறந்தே இருக்கட்டும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மைய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் மேசா ஆய்வகத்தின் சுவரை நான் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து மலையோடு ஒட்டிய பாறை மாதிரி தெரியும் கான்கிரீட், கிட்டே போனால் சொரசொரவென்று இருக்கிறது. அந்த வட்டாரத்துக் கல்லையே கலந்து வார்த்து, அப்புறம் அம்மி கொத்துவதுபோல மேற்பரப்பைக் கொத்தியிருக்கிறார்கள். உள்ளே இருந்த சின்னச் சின்னக் கற்கள் நிறத்தோடு வெளியே தெரிகின்றன. அதே மாநிலத்து மேசா வெர்டேயில் பழங்குடிகள் பாறை இடுக்கில் கட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வரைந்த கட்டடம் அது. பாறைக்குப் பக்கத்தில் பாறையாகவே நிற்கிறது. இதைப் படத்தில் பார்த்தால் போதாது, தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்வது ஒரு வேண்டுகோளுக்காகத்தான். பணத்தட்டுப்பாடோ பாதுகாப்போ, எந்தக் காரணம் வந்தாலும் பொதுமக்களுக்கான அந்தக் கதவை மூடிவிடாதீர்கள். நுழைவுக் கட்டணமும் வேண்டாம்.

வேறொரு ஆய்வுக்கூடத்தின் வாசலில் "உள்ளே விடமாட்டோம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவன் நான். உங்கள் இடத்தில் ஒரு சிறுமி, காட்சிக்கு வைத்திருந்த செயற்கைச் சூறாவளியின் புகைக்குள் கையை விட்டாள். சுழல் கலைந்து, கையை எடுத்ததும் மறுபடி கூடியது. அவள் திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தாள். காற்றைப் பற்றி அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. மலைச்சரிவில் வீடுகள் ஏறிவிடக்கூடாது என்று போல்டர் மக்கள் 1959-இல் 'நீலக்கோடு' ஒன்றை வகுத்தார்கள். கடல்மட்டத்திலிருந்து 5,750 அடிக்கு மேலே நகராட்சித் தண்ணீர் கிடையாது என்றார்கள். உங்கள் மேடு அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. பிறகு அதே மக்கள் வாக்களித்து, ஆய்வகத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். தாங்களே போட்ட வேலியைத் தாங்களே விலக்கி உங்களை மேலே ஏற்றிவிட்டவர்கள் அவர்கள். ஆகவே உள்ளே வருகிறவரை விருந்தாளியாக மட்டும் நினைக்காதீர்கள். அவருக்கு அங்கே உரிமை இருக்கிறது.

அந்த வாக்கெடுப்பின் கதையை, வருகிறவர்கள் முதலில் கால்வைக்கும் இடத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சுவரைத் தொட்டுப் பார்த்த ஒரு வாசகன்