சக்கையும் நீராவியும் பேரவைக்கு வரட்டும்

பழ விவசாயிகளுக்குச் சொந்தமான பதப்படுத்தும் கூட்டுறவுகளின் இயக்குநர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் உறுப்பினர்கள் முதலில் தேடுவது டன்னுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற பக்கத்தைத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சில ஆண்டுகளாக அந்தப் பக்கத்துக்கு முன்னால் வழவழப்பான தாளில் இன்னொரு அத்தியாயம் வருகிறது: நிலைத்தன்மை முயற்சிகள். கூரையில் சோலார் பேனல், வாசலில் மரக்கன்று, தலைக்கவசம் போட்டுக்கொண்டு சிரிக்கும் நிர்வாகிகள். படங்கள் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் எந்த முடிவும் எங்கள் முன்னால் வைக்கப்பட்டதில்லை என்பதுதான் என் குறை. ஆலை எங்களுடையது. அங்கே மிச்சமானாலும் வீணானாலும் அது எங்கள் பணம்.

1995-இல் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி ஏழு கொள்கைகளை ஏற்றுக்கொண்டது. கூட்டுறவுகள் தங்கள் சமூகத்தின் நீடித்த வளர்ச்சிக்காக உழைக்க வேண்டும் என்பது அதில் ஏழாவது. மேடையில் பேச வசதியான வரி. ஆனால் அந்த வரி அங்கே முடியவில்லை. உறுப்பினர்கள் ஒப்புதல் கொடுத்த கொள்கைகளின் வழியாக உழைக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிற்பாதியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

சரி, ஆலைக்குள் போவோம். சாறு பிழிந்து செறிவாக்கும் ஆலையில் எரிபொருள் பெரும்பாலும் எங்கே போகிறது? விளக்கிலோ மின்விசிறியிலோ அல்ல, தண்ணீரை ஆவியாக்குவதில். ஆப்பிள் சாறு பிழிந்து வரும்போது சுமார் 12 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் சுமார் 12 கிராம் சர்க்கரை) இருக்கும். அதை 70 பிரிக்ஸுக்குக் கொண்டுபோனால்தான் டிரம்மில் அடைத்து விற்கலாம். இப்படிச் செறிவாக்கிய சாறு, அதாவது கான்சன்ட்ரேட், ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஆறு டன் சாறு வேண்டும், அதிலிருந்து ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டுமே 2,257 கிலோஜூல் வெப்பம் தேவை. கணக்குப் போட்டால் ஒரு டன் கான்சன்ட்ரேட்டுக்குச் சுமார் 3,000 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம். நல்ல வெயில் அடிக்கும் இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் ஓர் ஆண்டு முழுக்கத் தருவது ஏறத்தாழ 1,500 யூனிட். அதாவது ஒரே கலத்தில் தண்ணீரை ஆவியாக்கும் பழைய ஒற்றை எஃபெக்ட் எவாப்பரேட்டரில் ஒரு டன் சரக்கு இறங்கினால், இரண்டு கிலோவாட் பேனலின் ஓராண்டு உழைப்பு அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது.

ஆகவே கூரையைப் பார்ப்பதற்கு முன் எவாப்பரேட்டரைப் பாருங்கள். மூன்று எஃபெக்ட், அதாவது அடுத்தடுத்து மூன்று கலம் இருந்தால் முதல் கலத்தில் சாற்றிலிருந்து எழும் ஆவியே அடுத்த கலத்தைச் சூடாக்கும், அதன் ஆவி மூன்றாவதை. பாய்லரிலிருந்து வர வேண்டிய நீராவி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எழும் ஆவியைக் கம்ப்ரஸரில் அழுத்தித் திரும்பச் சூடேற்றும் முறையும் இருக்கிறது. அதில் எரிபொருளுக்குப் பதில் மின்சாரம்தான் ஓடும், அதுவும் சொற்ப அளவில். அப்படி மாற்றினால் கூரையில் இருக்கும் பேனலுக்கும் நிஜமான வேலை வரும். பேனலை முதலில் வாங்கிவிட்டு, அறுவடைக் காலத்தில் பாய்லரை முன்பு போலவே எரித்துக்கொண்டிருப்பது தலைகீழ் வரிசை.

இதெல்லாம் பெரிய முதலீடு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டீம் ட்ராப்புக்கு என்ன பெரிய முதலீடு? ஆலைக்குள் நடந்தால் ஏதாவது ஒரு மூலையில் ‘உஸ்ஸ்’ என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். அங்கேயே வேலை செய்பவர்களுக்கு அது காதில் விழுவதும் நின்றுபோயிருக்கும். கையளவு கருவி. குளிர்ந்து தண்ணீரான நீராவியை மட்டும் வெளியே விட வேண்டியது, வாய் திறந்தபடி சிக்கிக்கொண்டால் சூடான நீராவியையே கொட்டிக்கொண்டிருக்கும். சீசன் தொடங்கும் முன் எல்லா ட்ராப்பையும் ஒருமுறை சோதிப்பதற்கும், நீராவி குளிர்ந்த அந்தச் சூடான தண்ணீரை, அதாவது கண்டன்ஸேட்டை, சாக்கடைக்கு விடாமல் பாய்லருக்கே திருப்பிக் குழாய் போடுவதற்கும் ஆலோசகர் யாரும் வர வேண்டியதில்லை. ஆண்டறிக்கையில் போட இதற்குப் படம் கிடைக்காது, அவ்வளவுதான்.

அடுத்தது சக்கை. ஆப்பிளைப் பிழிந்தால் எடையில் சுமார் கால் பங்கு சக்கையாக மிஞ்சும். ஆரஞ்சில் தோலும் சக்கையும் விதையுமாகக் கிட்டத்தட்டப் பாதி. மாம்பழத்தில் தோலும் கொட்டையும் ரகத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நாங்கள் பராமரித்து, தண்ணீர் விட்டு, லாரி வாடகை கொடுத்து அனுப்பும் பழத்தில் இவ்வளவு பெரிய பங்கு என்ன ஆகிறது? ‘100 சதவீதம் மறுபயன்பாடு’ என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். எங்கே போகிறது, யார் எடுக்கிறார்கள், அவர்கள் நமக்குத் தருகிறார்களா, நாம் அவர்களுக்குத் தருகிறோமா? இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சக்கையை உலர்த்தி மாட்டுத் தீவனமாக விற்கிறோம் என்றால் உடனே கைதட்டிவிடக் கூடாது. புதுச் சக்கையில் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர்தான். சாற்றில் செய்த அதே காரியத்தை, அதாவது எரிபொருள் போட்டுத் தண்ணீரை விரட்டுவதை, சக்கையிலும் செய்கிறோம். பக்கத்திலேயே கால்நடைப் பண்ணைகள் இருந்தால் ஈரமாகவே கொடுத்து, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்துச் சேமிக்கச் சொல்வது பல இடங்களில் மேல். உலர்த்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் ஸ்க்ரூ பிரஸ்ஸில் நன்றாகப் பிழிய வேண்டும். ஆரஞ்சுத் தோலில் சுண்ணாம்பு கலந்து தண்ணீரை விடவைத்துப் பிழிவது பழைய வழக்கம். ஆப்பிள் சக்கையும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களும் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டினுக்கு மூலப்பொருள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, ஆனால் அதைப் பிரித்தெடுக்கும் ஆலை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பயோகேஸ் நல்ல வழி, வரும் வாயு நேரே பாய்லருக்கே போகலாம். ஆனால் ஆரஞ்சுத் தோலை எண்ணெய் எடுக்காமல் அப்படியே கலனில் போட்டால் அந்த எண்ணெயில் இருக்கும் லிமோனீன் என்ற பொருள், வாயு தயாரிக்கும் நுண்ணுயிரிகளை முடக்கிவிடும். ஓர் ஆலைக்குச் சரியானது இன்னொன்றுக்குச் சரிப்படாது. அதனால்தான் இந்த முடிவு அறிக்கை எழுதுபவரோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன்.

அமெரிக்காவின் ஓஷன் ஸ்ப்ரே கூட்டுறவைப் பாருங்கள். 1930-இல் மூன்று கிரான்பெர்ரி விவசாயிகள் சேர்ந்து தொடங்கியது, இன்றும் விவசாயிகளுக்கே சொந்தம். சாறு எடுத்தபின் மிஞ்சும் பழத்தோலுக்கு இனிப்பேற்றி, உலர்த்தி, தின்பண்டமாக விற்கத் தொடங்கினார்கள். சக்கை ஒரு சரக்காக மாறியது. எல்லாப் பழத்துக்கும் அப்படி ஒரு வழி பிறக்காது. ஆனால் தேடியிருக்கிறோமா?

கோஸ்டாரிகா கதையையும் யாராவது கூட்டத்தில் எடுத்து விடுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 1990-களில் டெல் ஓரோ என்ற பழச்சாறு நிறுவனம், டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற சூழலியலாளர்களின் யோசனைப்படி, குவானகாஸ்டே பாதுகாப்புப் பகுதியில் பாழ்பட்ட மேய்ச்சல் நிலத்தில் சுமார் 12,000 டன் ஆரஞ்சுத் தோலைக் கொட்டியது. போட்டி நிறுவனம் வழக்குப் போட்டு, நீதிமன்றம் வரை போய், திட்டம் நின்றது. பின்னால் போய் ஆராய்ந்தவர்கள் 2017-இல் எழுதினார்கள்: தோல் கொட்டிய மூன்று ஹெக்டேரில் மரங்களின் உயிர்நிறை பக்கத்து நிலத்தைவிட 176 சதவீதம் கூடியிருந்தது. அருமையான சேதிதான். ஆனால் அது செத்துக்கிடந்த நிலம், ஆட்கள் கவனித்த திட்டம். இதைக் காட்டி ஓடைக்கரையில் லாரியைக் கவிழ்த்தால் சக்கைச் சாறு இறங்கித் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று மீனைக் கொல்லும். அப்புறம் ஊர்க்காரர்களிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

பழம் வீணாவது பற்றிப் பேசும்போது எடைமேடைக்கு வெளியே நிற்கும் வரிசையை எப்படி மறந்தீர்கள்? அறுவடை உச்சத்தில் லாரிகள் இரவெல்லாம் நிற்கின்றன. அடியில் இருக்கும் கிரேட்டுகளில் பழம் நசுங்கி, தார்ப்பாய்க்குக் கீழே சூடேறி, விடிவதற்குள் லாரியின் பின்பக்கம் சாறு சொட்டி ஈ மொய்க்கிறது. காலையில் எடை போடும்போது குறைந்ததும் விவசாயி கணக்கு, கிரேடிங்கில் கழித்ததும் விவசாயி கணக்கு. அந்தப் பழத்துக்குப் போட்ட உரமும் தண்ணீரும் டீசலும் மொத்தமாகப் பாழ், ஆனால் உங்கள் கார்பன் கணக்கில் அது எங்குமே வராது. நேரம் போட்ட டோக்கனும், நிழலுக்கு ஒரு கூரையும் போதும். என்னைக் கேட்டால் அந்தக் கூரைதான் முதல் பசுமைத் திட்டம்.

கார்பன் கணக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் ஆலையில் எரிப்பது முதல் வட்டம், வாங்கும் மின்சாரம் இரண்டாவது, வெளியாரிடம் நடப்பவை எல்லாம் மூன்றாவது வட்டம். எங்கள் தோட்டங்கள் வழக்கமாக அந்த மூன்றாவது வட்டத்தில்தான் போய் உட்காருகின்றன. முதலாளிகளான நாங்கள் எங்கள் ஆலையின் கணக்கில் வெளி ஆட்கள்! கணக்கியலுக்கு அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதே மனநிலையோடு கேள்விப்பட்டியலும் வரும்போதுதான் எரிச்சலாக இருக்கிறது. எத்தனை கிலோ நைட்ரஜன், எத்தனை மணி நேரம் பம்ப், கவாத்துக் கழிவை என்ன செய்தீர்கள் என்று பக்கம் பக்கமாக. நிரப்பிக் கொடுக்கிறோம். அதற்குப் பிறகு ஒரு பதிலும் இல்லை.

கேட்பது தவறில்லை. மண்ணில் அதிகமாகப் போட்ட நைட்ரஜனில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்புகிறது, நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டைஆக்சைடைவிடச் சுமார் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தோட்டத்தில் குறைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. என் கேள்வி, அந்தச் செலவை யார் தாங்குவது என்பது. சொட்டுநீர்க் குழாய் விவசாயி காசு, மண் பரிசோதனை விவசாயி காசு, சான்றிதழைக் காட்டிப் பெரிய நிறுவனங்களிடம் ஆர்டர் வாங்குவது மட்டும் சங்கத்தின் பெயரில். ஆர்டரால் கூடுதலாக வந்தது என்ன என்று பிரித்துச் சொல்லுங்கள். அதில் ஒரு பங்கை, மாற்றம் செய்த தோட்டத்துக்கு டன் கணக்கில் சேர்த்துக் கொடுங்கள். பிரிக்ஸ் கூடினால் விலை கூட்டத் தெரிந்த சங்கத்துக்கு இது முடியாத வேலை அல்ல.

சிறு தோட்டக்காரர்களுக்குத் தனித்தனியாகச் சான்றிதழ் வாங்குவது கட்டுப்படியாகாது. நல்ல விவசாய முறைகளுக்குச் சான்று தரும் குளோபல் ஜி.ஏ.பி. போன்ற ஏற்பாடுகளில் குழுவாகச் சான்று பெற வழி இருக்கிறது. சங்கம் உள்தணிக்கை செய்ய வேண்டும், வெளித் தணிக்கையாளர் குறைந்தது உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத் தோட்டங்களைப் பார்ப்பார். 400 பேர் இருந்தால் 20 தோட்டம். கூட்டுறவு என்று ஒன்று இருப்பதே இப்படிப்பட்ட வேலைக்குத்தானே?

குளிர்கிடங்கு பற்றிச் சுருக்கமாக. ஆர்-404ஏ என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடும் கிடங்கில் ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய நாலு டன் கார்பன் டைஆக்சைடு விட்டதற்குச் சமம். ஓர் ஆண்டில் எத்தனை கிலோ நிரப்பினீர்கள் என்பது சர்வீஸ் ரசீதிலேயே இருக்கும். அந்த எண்ணை அறிக்கையில் போடுங்கள்.

உங்கள் சங்கடமும் புரியாமல் இல்லை. இன்னும் சில அறுவடையோடு ஒதுங்க நினைக்கும் உறுப்பினர், போட்ட பணம் பத்து ஆண்டில் திரும்பும் இயந்திரத்துக்குக் கை தூக்க மாட்டார். அவருக்கு இந்த ஆண்டு டன்னுக்குக் கூடக் கிடைப்பதுதான் பெரிது. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று பயந்துதான் கேட்காமலே செய்கிறீர்களோ என்னவோ. அப்படியானால் சின்னதில் தொடங்குங்கள். ட்ராப்பும் கண்டன்ஸேட்டும் லாரி வரிசையும் முதல் ஆண்டில். அதில் மிச்சமான பணத்தைப் பொதுக்கணக்கில் கரைக்காமல் தனியாக எழுதிவையுங்கள். அந்தப் பணம் எவாப்பரேட்டருக்குப் போகட்டும். எங்களுக்குத் தரும் பணத்தில் பிடித்தம் கூட்டாமல், மிச்சத்திலேயே அடுத்த வேலை என்று சொன்னால் கை தூக்குபவர்கள் கூடுவார்கள்.

வரும் பேரவைக் கூட்டத்தில், ஒரு டன் பழத்துக்குச் செலவான எரிபொருளும் தண்ணீரும், சக்கை போன இடமும் அதன் வரவு செலவும், லாரிகள் சராசரியாகக் காத்திருந்த நேரமும், சான்றிதழால் வந்த கூடுதல் வருமானமும் தனிப் பொருளாக விவாதத்துக்கு வரட்டும். மூன்று ஆண்டுக் கணக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்லது. அதைக் கூட்டத்தன்று மேடையில் வேகமாகப் படித்துவிட்டுப் போகாமல், அழைப்போடு சேர்த்து முன்கூட்டியே அனுப்புங்கள். பாய்லர் ஆப்பரேட்டரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். அவரிடம் கேட்க எங்களிடம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
பழம் கொண்டுவரும் உறுப்பினர்களில் ஒருவன்