வாள் கேட்டவர் கையில் கைக்குட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பேரன் பின்னால் ஓடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. உன் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததே, நிம்மதி. இனிச் சாக்குச் சொல்லாமல் தூரிகையை எடு.

போன செவ்வாயன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குத் தனியாகப் போனேன். ரஃபேல் வரைந்த போப் இரண்டாம் ஜூலியஸின் முன்னால் கால் நின்றுவிட்டது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம், அவ்வளவுதான். கிழவர் நம்மைப் பார்ப்பதில்லை. பார்வை கீழே எங்கோ கிடக்கிறது. வலக்கையில் வெள்ளைக் கைக்குட்டை தளர்ந்திருக்கிறது. இடக்கையோ நாற்காலிக் கையை இறுகப் பற்றியிருக்கிறது. பின்னால் வெறும் பச்சைத் திரை. முதலில் அங்கே போப்பின் சாவிச் சின்னத்தைத் தீட்டிவிட்டுப் பிறகு பச்சையால் மூடியிருக்கிறார் ரஃபேல். பின்னாளில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அது தெரிந்தது.

நரைத்த தாடிக்கு ஒரு கதை உண்டு. 1511இல் அவர் ஆட்சியிலிருந்த இத்தாலிய நகரம் பொலோனியா பிரெஞ்சுக்காரர்களால் கைவிட்டுப் போனது. அவர்களை இத்தாலியிலிருந்து விரட்டும்வரை மழிப்பதில்லை என்று சபதம் செய்தார். பாஞ்சாலி கூந்தல்தான், போ! ஆனால் அவர்கள் வெளியேறுமுன்பே, 1512 மார்ச்சுக்குள், தாடி போய்விட்டது. படம் எப்போது வரைந்தது என்பதற்கு அந்தத் தாடியே சாட்சி.

இதே மனிதர் பொலோனியாவில் சான் பெட்ரோனியோ தேவாலய முகப்பில் தனக்கு மாபெரும் வெண்கலச் சிலை வைத்தவர். கையில் புத்தகம் வைக்கலாமா என்று சிலையைச் செய்த மைக்கேலாஞ்சலோ கேட்டதற்கு, எனக்குப் படிப்பு எங்கே வரும், வாளை வை என்றாராம். ஊர் போனதும் சிலையை உடைத்தார்கள். போப்பின் எதிரியான ஃபெராரா கோமகன் அந்த வெண்கலத்தில் பீரங்கி வார்த்து, அதற்கு ‘லா ஜூலியா’ என்று பெயரும் வைத்தான்!

வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை ஓவியம், 1506இல் புனித பேதுரு பேராலயத்துக்கு அடிக்கல் எல்லாம் இவர் கைங்கரியம்தான். பாவத்துக்குத் தண்டனை குறையும் என்று திருச்சபை விற்ற பாவமன்னிப்புச் சீட்டுக் காசில் கட்டிய ஆலயம்தானே என்று நீ சண்டைக்கு வருவாய். வா, மறுக்கவில்லை. ஆனால் உன்னிடம் படம் எழுதச் சொன்ன பெரிய மனிதர் நரையைக் கறுப்பாக்கக் கேட்டதும் எழுந்து வந்தாயே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. வாள் கேட்டவர் இந்தக் கைக்குட்டைக்கு எப்படிச் சம்மதித்தார்? அதுவும் ரோமில் சாந்தா மரியா தெல் பொப்போலோ தேவாலயத்தில் ஊர் பார்க்கத் தொங்கிய படம். உயிரோடு இருப்பவரைக் கண்டதுபோல் பார்த்தவர்கள் நடுங்கினார்கள் என்று அந்தக் காலத்துக் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். எனக்கு நடுக்கம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேச்சுக் கொடுக்கலாமா என்றுதான் தோன்றியது.

அஞ்சலட்டை ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். புதுக் கண்ணால் முதலில் அந்த இடக்கையைப் பார்த்துவிட்டு எழுது.

உன் பழைய பெஞ்சுத் தோழன்