மாப்ளே, நான் சைக்கிள் வாங்கிவிட்டேன்

மாப்ளே,

ஓடாத சைக்கிள்தான். கடைப் பையன்கள் இரண்டு பேர் வந்து ஹாலில் டிவிக்கு எதிரே பூட்டி வைத்துவிட்டுப் போனார்கள். சோபாவை நகர்த்தியதில் உன் அக்காவுக்குக் கோபம். ஆடி பிறந்தால் நீ விழுந்து ஒரு வருஷம் ஆகிவிடும். அதற்கு மேலும் தள்ளிப்போட்டால் எதையுமே வாங்க மாட்டேன் என்று தெரிந்தது.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. உன் வீட்டுக்கு நான் வருவதைப் பற்றி உன் மருமகன் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருப்பேன். சரி, அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். நான் டிரைவராகவும் நீ கண்டக்டராகவும் இருந்த பஸ் டிப்போ ஆட்கள் படிப்பார்கள். அதில் ஒருத்தனாவது உன்னிடம் கொண்டுவந்து காட்டாமல் இருக்க மாட்டான்.

அவர்களுக்காக அந்த லண்டன் கதையை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், நீ தாண்டிப் போ. 1953ல் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் ஓர் ஆய்வு எழுதினார்கள். லண்டன் டபுள் டெக்கர் பஸ்களில் வேலை பார்த்தவர்களில் யாருக்கு மாரடைப்பு அதிகம் என்று பார்த்தார்கள். ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே புகை. உட்கார்ந்தே ஓட்டிய டிரைவருக்குத்தான் அதிகம். மேலும் கீழும் ஏறி இறங்கி டிக்கெட் போட்ட கண்டக்டருக்குக் குறைவு. அவர்கள் ஒரு நாளைக்கு ஏறியது ஏறத்தாழ 600 படி, நம் மலைக்கோட்டையை ஒன்றரைத் தரம் ஏறுகிற கணக்கு. எனக்கு நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற குட்டிக் குழாய் வைத்த சமயம் என் பெண் இதைச் சொன்னாள், நான் உன்னிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வாக்கிங் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, "சீட்ல உக்காந்தவன் போயிடுவான், படியில நின்னவன் இருப்பான்" என்றாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் நெஞ்சில் ஸ்டென்ட்டோடு ஒருத்தன் பக்கத்தில் நிற்கும்போது அதைத் தினமும் சொல்ல வேண்டுமா?

மீதிக் கதையை நீ கேட்கவே இல்லை. 1956ல் அதே ஆட்கள் பஸ் ஊழியர்களின் யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். சின்ன வயதிலேயே டிரைவர்களின் இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிது. ஆக, எல்லாப் பழியையும் சீட் மேலே போட முடியாது. அப்புறம், நீ படி ஏறியவன் இல்லை, நின்றவன். பீக் அவரில் ஒற்றைக் காலில் நின்று டிக்கெட் கிழித்து முழங்கால் தேய்ந்த ஆள். அந்தக் காலை வைத்துக்கொண்டு ட்ரெட்மில், அதான் ஓடுகிற பெல்ட் மேல் நடக்கிற மெஷின், வேண்டாம் என்றேன். சொன்னேனா, இல்லையா?

மெஷின் உன் வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது, கைப்பிடியில் பாலித்தீன் உறை அப்படியே இருந்தது. நீ பனியனோடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே நின்றாய். அந்தச் சிவப்புக் கயிறு, நுனியில் கிளிப்போடு, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பனியனில் மாட்டியிருந்தால் ஆள் பின்னால் போகும்போது கயிறு இழுபட்டு, சாவி கழன்று, பெல்ட் நின்றுவிடும். மாட்டு என்றேன். "காலம் பூரா கழுத்துல விசிலை மாட்டிட்டு அலைஞ்சாச்சு, இனிமே எதையும் மாட்ட மாட்டேன்" என்றாய். தங்கச்சிகூடச் சிரித்தாள்.

வேகம் 3ல் போய்க்கொண்டிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நிற்பாயே, அதே மாதிரி கையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"ரைட், ரைட்!"

கண்டக்டர் ரைட் கொடுத்தால் வண்டி நகரும். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? யார் விரல் எங்கே இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அந்த மெஷினில் 3 என்ற பட்டனுக்கு அடுத்தது 6 என்பதை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். நடுவில் நாலும் கிடையாது, அஞ்சும் கிடையாது. கியர் போல ஒவ்வொன்றாகத்தான் ஏறும் என்று யார் வேண்டுமானாலும் நினைத்துவிடலாம்.

கைலி அவிழ்ந்தது. நீ பின்னால் போனாய். அப்போது என் வலது கால், மாப்ளே, உன் வீட்டு மொசைக் தரையை அழுத்தியது. குதிகால் ஊன்றி, இருக்கிற பலத்தை எல்லாம் கொடுத்து, இல்லாத பிரேக்கை அழுத்தியது. கயிறு என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கை போகவில்லை. பின்னால் இரண்டு மீட்டராவது காலியாக விட வேண்டிய இடத்தில் நீங்கள் பீரோவை வைத்திருந்தீர்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். முகத்தைப் பார்த்ததும் "கிளிப் மாட்டச் சொன்னேனேம்மா" என்றுதான் வாயில் வந்தது. அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் சொன்னது உண்மைதானே? நீ மயக்கம் தெளிந்ததும் எல்லோரிடமும் "டிரைவர் கவுத்துட்டான்" என்றாயாமே. அது உண்மையா?

சைக்கிளுக்கு வருகிறேன். கடையில் முதலில் ட்ரெட்மில்தான் காட்டினார்கள். நாலு ஹெச்.பி. என்றான் பையன். அது உச்சத்தில் ஒரு கணம் தருகிற சக்தியா, விடாமல் ஓடும்போது தருகிற சக்தியா என்று கேட்டேன், புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான். எலிப்டிகல் என்று நின்றபடியே மிதிக்கிற மெஷின், அதில் ஏறி நிற்கவே ஒருவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏர் பைக் என்று ஒன்று, மிதிக்க மிதிக்க ஹேண்டிலும் முன்னும் பின்னும் வருகிறது. ஸ்டியரிங் தன்னால் ஆடுகிற வண்டியை நான் எடுக்க மாட்டேன்.

கடைசியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காலை முன்னால் நீட்டி மிதிக்கிற மாடல். ரெகம்பென்ட் என்கிறார்கள். குறுக்குக் கம்பி இல்லாததால் கைலியோடு ஏறலாம். டிரைவர் சீட் கெடுத்த இடுப்புக்குச் சாய்மானம் வேண்டும். லோடு ஏற்ற, அதாவது மிதிக்கக் கனமாக்க, உள்ளே காந்தம், தேய்கிற பிரேக் ஷூ போல எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. பெடல் எட்ட இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கி நிற்கும். சீட்டை அப்படி நகர்த்தி வைத்தேன், கடைக்காரர் "எந்த டிப்போ?" என்றார்.

தெரியும், சிரிப்பாய். ரிட்டையர் ஆகியும் சீட்தானா என்பாய். சிரி.

நாடித் துடிப்பு காட்டுகிற திரை இருக்கிறது, எனக்கு உதவாது. நான் போடுகிற மாத்திரை துடிப்பை ஏற விடாது என்பதால், அந்த எண்ணை நம்பி லோடு ஏற்றாதீர்கள், பேச முடிகிறதா பாருங்கள் என்றார் டாக்டர். மிதித்துக்கொண்டே பேச வர வேண்டும், பாட வரக் கூடாது, அதுதான் அளவாம். நான் ஸ்டாப் பேரைச் சொல்கிறேன். பாலக்கரை, மெயின்கார்டு கேட், சத்திரம், மாம்பழச் சாலை. உன் ராகத்தில் வரவில்லை. சத்திரத்திலேயே மூச்சு வாங்கினால் லோடைக் குறைத்துவிடுகிறேன்.

இது மட்டும் போதாது என்பதும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தருகிற பயிற்சி வேண்டும், 65 தாண்டினால் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கிற பயிற்சியும் சேர வேண்டும். உட்கார்ந்து மிதித்தால் தடுமாற்றம் போகாது. அதனால் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன், உன் அக்கா கரண்டியோடு காத்திருக்கிறாள். நாற்காலியில் கை ஊன்றாமல் 30 நொடியில் எத்தனை தரம் எழுந்து உட்கார முடிகிறது என்றும் ஒரு சோதனை உண்டு. 65லிருந்து 74 வயது வரை ஆம்பளைக்கு 12க்குக் குறைந்தால் காலில் பலம் போதாது, விழுகிற ஆபத்து உண்டு என்று அர்த்தம். எனக்கு எத்தனை வந்தது என்று கேட்காதே.

வாக்கிங்கையே விட்டுவிட்டேன். நாய்த் தொல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நாய் முன்பும் இருந்தது. பக்கத்தில் வாய் ஓயாமல் பேச ஆள் இல்லாமல் அந்த வீதி முடியவே மாட்டேன் என்கிறது.

அதே கடையில், நாற்காலியில் உட்கார்ந்தபடி மிதிக்கிற சின்னப் பெடல் ஒன்று பார்த்தேன். விலை அதிகம் இல்லை. மொசைக்கில் வழுக்கும், கீழே ரப்பர் பாய் போட வேண்டும். சக்கரம் இல்லாத நாற்காலியாகப் பார்த்துச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். ஆபரேஷன் ஆன இடுப்பு எவ்வளவு மடங்கலாம் என்பதைக் கடைக்காரனோ நானோ சொல்ல முடியாது, பிசியோவுக்கு வருகிற பெண்ணைக் கேள். அவள் சரி என்றால் ஒரு மிஸ்டு கால் கொடு. வாங்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன், உள்ளே வர மாட்டேன். காசு மட்டும் நீதான் தர வேண்டும். ஓசியில் கொடுத்தால், மனசு உறுத்தி வாங்கிக் கொடுத்தான் என்று டிப்போ பூராவும் சொல்வாய்.