எப்போது ஈரமாகிறது என்று முதலில் கேளுங்கள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கார் சர்வீஸ் சென்டர் நடத்துகிறவர்களுக்கும், அங்கே வண்டியின் குறையைக் கேட்டு ஜாப் கார்டு எழுதும் சர்வீஸ் அட்வைசர்களுக்கும்,

வணக்கம்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. இன்னும் சில வாரங்களில் "வண்டிக்குள்ள தண்ணி வருது சார்" என்று ஆட்கள் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றி நான் பேசவில்லை. அது இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்க வேண்டிய சமாச்சாரம். வீட்டு வாசலில் சும்மா நிற்கும் வண்டிக்குள் ஒரு தம்ளர், ஒரு செம்பு என்று சத்தமில்லாமல் தண்ணீர் இறங்குகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் என் வண்டிக்கு அது நடந்தது. ஏழு வருடம் ஓடிய சின்ன வண்டி. முன்னால் இடது பக்கம் உட்கார்ந்த என் மனைவி காலைத் தூக்கிக்கொண்டு, "என்னங்க, செருப்பெல்லாம் நனைஞ்சிருக்கு" என்றாள். ஃப்ளோர் மேட்டைத் தூக்கினேன். ஈரச் சாக்கு நாற்றம்.

ஒரு சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போனேன். பெயர் வேண்டாம். முதல் முறை, "ஈரக் குடை வெச்சிருப்பீங்க சார்" என்று சொல்லி, உள்ளே ஷாம்பூ போட்டுக் கழுவி 2,200 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த மழையில் மறுபடி ஈரம். இரண்டாம் முறை முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசினார்கள். மூன்றாம் முறை ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்று 16,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். ஹீட்டர் கோருக்குள் ஓடுவது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். அது ஒழுகினால் நிறம் இருக்கும், பிசுபிசுக்கும், தித்திப்பாக ஒரு வாடை வரும், டப்பாவில் அளவும் குறையும். என் வண்டியில் வந்தது நிறமே இல்லாத வெறும் தண்ணீர். டப்பா நிறைந்தே இருந்தது. யாரும் விரலால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

எஸ்டிமேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருமுனைப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி வண்டியைத் தொடவே இல்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மழை பெஞ்சா மட்டும் வருதாண்ணே, இல்ல ஏசி போட்டாலும் வருதா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பெரிய மடல். வெயில் நாளில், ஏசி ஓடிய பிறகு இடது கால்பக்கம் நனைந்தால், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது என்று பெரும்பாலும் நிச்சயமாகச் சொல்லிவிடலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏசி ஓடினால் வண்டிக்கு அடியில் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டவில்லை என்றால் அந்தத் தண்ணீர் உள்ளேதான் இறங்குகிறது. மழைக்குப் பிறகு மட்டும் நனைந்தால் கோளாறு பாடியில். பிரேக் அடிக்கும்போதோ வளைவில் திரும்பும்போதோ தலையில் சொட்டினால் கூரைத் துணிக்கு மேலே தண்ணீர் தேங்கியிருக்கிறது. இதை வாடிக்கையாளரிடம் கேட்க எந்த மெஷினும் வேண்டாம். ஆனால் என் மூன்று ஜாப் கார்டிலும் "வாட்டர் லீக்கேஜ் செக்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது.

மழைக்கு மட்டும்தான் என்றேன். தம்பி வைப்பர்களைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினார். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டி. இலையும் காம்பும் பூவும் மக்கிச் சேறாகி, தண்ணீர் வடியும் வழியை அடைத்திருந்தது. கண்ணாடியில் விழும் மழை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். வடிய வழியில்லாவிட்டால் தொட்டி மாதிரி நிரம்பி, ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கும் ஓட்டை வழியாக உள்ளே கொட்டும். அந்தக் காற்றை உள்ளே தள்ளும் விசிறியான ப்ளோயர் இருப்பது இடது பக்கம். என் மனைவியின் செருப்பு நனைந்த ரகசியம் அவ்வளவுதான். இரண்டு கை நிறைய சேற்றை அள்ளிப் போட்டார். முக்கால் மணி நேர வேலை, 500 ரூபாய்.

எங்கள் பழைய வீடு ஓட்டு வீடு. ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. எங்கோ இறங்கும் தண்ணீர் கைமரத்தோடு வழிந்து வேறெங்கோ சொட்டும். அப்பா அரிக்கேன் விளக்கோடு ஏணியில் ஏறி அந்த ஈரக்கோட்டைப் பின்தொடர்ந்து போவார். காரும் அப்படித்தான். உங்கள் ஆட்கள் சொட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஈரக்கோட்டைப் பிடிக்கச் சாதாரண தோட்டக்குழாய் போதும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே. பீய்ச்சி அடிக்கக் கூடாது, மழை போல வழிய விட வேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி மேலே வர வேண்டும். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லாப் பக்கமும் வழிந்து எதுவும் புரியாமல் போய்விடும். தண்ணீர் பிடிக்க மனமில்லையா, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை வெளிக்காற்று இழுக்கும் நிலையில் வைத்து ப்ளோயரை முழு வேகத்தில் ஓட விட்டு, வெளியே சோப்பு நீர் தடவுங்கள். பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பது போல, காற்று தப்பும் இடத்தில் குமிழி வரும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று கார் செய்யும் ஊர்களைச் சுற்றி வைத்திருக்கிறோம். கார் தொழிற்சாலைகளில் முடிந்த வண்டியை ஷவர் அறைக்குள் விட்டு நாலாபக்கமும் தண்ணீர் அடித்துச் சோதிப்பது வழக்கம். செய்யும்போது இருக்கும் சோதனை பழுது பார்க்கும்போது ஏன் இல்லை?

சிலிக்கான் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்ணாடியை ஒட்டுவது யூரித்தேன் பசையால். அதன் மேல் புளித்த வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கானைப் பூசினால், பெயின்ட் போன இடத்தில் துரு ஏறும். பிற்பாடு கண்ணாடியை முறையாக ஒட்ட வரும்போது பசையும் பிடிக்காது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் சிலிக்கானைக் கையில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று உங்கள் பட்டறைகளிலேயே பிறக்கும் கோளாறு. ஸ்பீக்கர் மாட்டவோ பவர் விண்டோ சரிசெய்யவோ கதவின் உள்பலகையைக் கழற்றுகிறீர்கள். அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறீர்கள். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். அந்தத் தாள் இல்லையென்றால் உள்ளே வந்துவிடும். பத்து நிமிடம் கூடச் செலவழித்து அதைத் திரும்ப ஒட்டுங்கள்.

சன்ரூஃப் வைத்த வண்டிகள் இப்போது பெருகிவிட்டன. அந்தக் கண்ணாடி தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை. சுற்றியுள்ள தட்டில் இறங்கும் நீர் மூலைக் குழாய்கள் வழியாகக் கீழே போகிறது. விற்கும்போது இதைச் சொல்வதில்லை. அடைத்தால் கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்துக் குழாயையே கழன்றுபோகச் செய்கிறவர்களும் உண்டு. மெல்லிய நைலான் நரம்பு விட்டாலே போதும்.

நனைந்த வண்டியைத் திருப்பித் தரும்முன் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சை அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் லிட்டர் கணக்கில் தேங்கியிருக்கும். அங்கேதான் வயர்கள் ஓடுகின்றன, சீட்டுக்கு அடியில் ஏர்பேக் கனெக்டரும் இருக்கிறது.

நான் கேட்பது இலவச சேவை அல்ல. குழாய்ச் சோதனைக்கு அரை மணி நேரக் கூலி போடுங்கள், சந்தோஷமாகத் தருவேன். உங்கள் மழைக்கால முகாமில் வைப்பர் ரப்பரோடு அந்தக் கறுப்பு மூடியையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஜாப் கார்டில் "மழையிலா, ஏசியிலா, கழுவும்போதா" என்று மூன்று கட்டம் அச்சடித்தால் போதும்.

அடுத்த சர்வீஸுக்கு அதே சென்டருக்குத்தான் வரப் போகிறேன். அங்கே தோட்டக்குழாய் இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், என் வீட்டிலிருந்து எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்று ஜாப் கார்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கும் வாடிக்கையாளர்,
மேற்குத் தாம்பரம்