டைட்டானியம் சரி, எந்த டைட்டானியம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்கைப் பல் பொருத்துவது பற்றிய கட்டுரையில் 'டைட்டானியம்தான், பயமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தூய டைட்டானியம் வேறு. 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கலந்த உலோகக்கலவை வேறு. கலவைக்கு வலு அதிகம். ஆனால் வனேடியம் கசியுமோ என்ற கவலையில்தான், அதற்குப் பதிலாக நியோபியம் சேர்த்த கலவைகளும் வந்தன.

உலோகவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.ஓ. 14801 என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி, செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் பதிக்கும் திருகாணியை 30 டிகிரி சாய்த்துப் பிடித்து, எலும்பு 3 மில்லிமீட்டர் கரைந்துபோனது போல அதன் கழுத்தை வெளியே விட்டு, 50 லட்சம் முறை அழுத்துவோம். (இரவு பகலாக அந்த இயந்திரம் போடும் சத்தம் இருக்கிறதே!) உடைந்த துண்டை நுண்ணோக்கியில் வைத்தால், விரிசல் பெரும்பாலும் மரையின் அடிப்பள்ளத்தில் தொடங்கியிருக்கும்.

உலோக அரிப்புச் சோதனை தனி. டைட்டானியத்தைக் காப்பது சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்சைடு படலம்தான். அமிலத்தோடு ஃபுளோரைடும் சேர்ந்தால் அது தாக்குப்பிடிக்காமல் போகலாம்.

பொருத்திய கலவையின் பெயரையும் தொகுதி எண்ணையும் நோயாளியிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லி உங்கள் மருத்துவப் பகுதியில் ஒருமுறை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்