பூண்டு கிண்டிய பாத்தியில் போஞ்சி

திருகோணமலை,
யூலை கடைசி

அன்பான மகளுக்கு,

வெள்ளைப்பூண்டு கிண்டியெடுத்த பாத்தி சும்மா கிடக்கிறது, அதில் இரண்டாந்தரம் போஞ்சி (பீன்ஸ்) போடலாமா, இல்லை பிந்திவிட்டதா என்று கேட்டிருந்தாய். பிந்தவில்லை, ஆனால் இந்த வார இறுதியைத் தாண்ட விடாதே பிள்ளை. ரொறன்ரோவில் ஏரியை விட்டுத் தள்ளியிருக்கிற உங்கள் பக்கத்தில் ஒக்டோபர் தொடக்கத்திலேயே உறைபனி விழுந்துவிடக்கூடும், போஞ்சிக்கு அது ஒரு இரவே போதும். அதனால் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணு. விதைப் பக்கற்றில் 50 நாள் என்று போட்டிருந்தால் அது நல்ல கோடைக்கான கணக்கு. செப்டெம்பரில் பகல் குறுகி இரவும் குளிரத் தொடங்கினால் செடி மெதுவாகத்தான் வளரும், அதற்கு இரண்டு கிழமை கூட்டிக்கொள். கொடிப் போஞ்சி இப்போது வேண்டாம். செடிப் போஞ்சியில் 50, 55 நாளில் காய்க்கிற இனமாகப் பார்த்து எடு.

கந்தளாய்ப் பக்கம் பெரும்போக நெல் வெட்டு முடிந்த கையோடு, வயலில் மிஞ்சிய ஈரத்தை நம்பிப் பயறு விதைப்பார்களே, அதே கணக்குத்தான். இங்கே ஈரம் வற்ற முதல் காய் முற்ற வேண்டும், அங்கே குளிர் இறங்க முதல்.

விதைக்கிறதில்தான் கவனம் வேண்டும். வெயிலில் காய்ந்த மண்ணில் அப்படியே போட்டுவிட்டு மேலால் தண்ணீர் ஊற்றினால் மேல்மண் இறுகி, முளை வெளியே வர வழியில்லாமல் கழுத்து முறிந்துபோகும். ஒன்றரை அங்குல ஆழத்தில் சால் கீறி, சாலுக்குள்ளேயே தண்ணீர் விட்டு, அது ஊறி இறங்கினதும் நாலு அங்குலத்துக்கு ஒரு விதை வைத்துப் பொருபொருத்த மண்ணால் மூடு. விதையை இரவு முழுக்க ஊறப்போடாதே, வெடித்து அழுகும். சூட்டு மண்ணில் ஒரு கிழமை போலத் தலை காட்டும். யூரியா ஒன்றும் போடாதே, இலைதான் கொழுக்கும்.

இங்கே கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. இந்த வெக்கையில் போஞ்சிப் பூ நிற்காது, உதிர்ந்துவிடும், அதுதான் நம்முடைய சந்தைக்குக் குளிரான மலைநாட்டிலிருந்து, வெலிமடை, நுவரெலியாப் பக்கத்துப் போஞ்சி வருகிறது. உன் செடி பூக்கிறபோது செப்டெம்பர் ஆகியிருக்கும், வெக்கை தணிந்துவிடும், பூவும் நன்றாகப் பிடிக்கும். எனக்கு முதல் போகத்தைவிட இந்தப் பிந்திய போகத்தில்தான் நம்பிக்கை அதிகம். காய்க்கத் தொடங்கினால் விதை புடைக்க முதல் ஒன்றைவிட்டு ஒரு நாள் ஆய்ந்துகொண்டே இரு, விட்டால் செடி அடுத்த பூவை நிறுத்திவிடும். இலை ஈரமாக இருக்கிறபோது மட்டும் கை வைக்காதே, நோய் பரவும்.

காற்றில்லாமல் வானம் வெளித்திருக்கிற இரவுதான் உறைபனிக்குத் தோது. அன்றைக்குப் பொழுதுபட முதல் பழைய பெட்சீற்றால் நிலம் வரைக்கும் மூடிவிட்டு விடிந்ததும் எடு, பொலித்தீன் என்றால் இலையில் முட்டக்கூடாது.

சரி, பக்கற்றின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்பு. எத்தனை நாள் இனம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா